ஒரு குடும்பத்துக்கு ஒரு நாற்காலி

மிக்கேலம்மாள் தன் கொம்பன் சுறாவைக் கூட்டிக்கொண்டு வகைப்பாட்டு அலுவலகத்துக்குப் போனபோது, அழியும் நிலையிலுள்ள உயிர்களுக்கான வரிசையில் ஒரே ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது. அதிலும் ஒரு துண்டு கிடந்தது.

துண்டைப் போட்டவன் மலையிலிருந்து வந்திருந்த மாடக்கண்ணு. பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல ஜன்னல் வழியாக எறிந்திருந்தான். அவனுடைய குங்கிலிய மரம் இன்னும் படியேறிக்கொண்டிருந்தது. வேர் அல்லவா, நேரமாகும்.

நாற்காலி கிடைத்த உயிரை யாரும் தொடக்கூடாது. கிடைக்காத உயிரை ஏலக்காரர் கொண்டுபோவார். அவர் வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"ஆளே இன்னும் வந்து சேரல. துண்டுக்கு என்ன சார் மரியாத?" என்று எகிறினாள் மிக்கேலம்மாள்.

"துண்டு போட்டா போட்டதுதாம்மா," என்றார் அதிகாரி. அந்த ஆபீஸில் மனுஷரை மதிக்காதவர்கள்கூடத் துண்டை மதித்தார்கள். ஆனாலும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க இறங்கி வந்தார்.

"சுறாவுக்கு எலும்பு உண்டா?"

"கெடையாது. குருத்தெலும்புதான்."

"மரத்துக்கும் கெடையாது. இலை உதிர்க்குமா?"

"பல்லு உதிர்க்கும்."

"அப்போ ரெண்டும் ஒரே குடும்பம். குடும்பத்துக்கு ஒரு நாற்காலிதான்."

மிக்கேலம்மாளுக்கு ரத்தம் கொதித்தது. தண்ணீர் இல்லாமல் சுறாவின் செவுள் துடித்துக்கொண்டிருக்கிறது, இந்த ஆள் இலை எண்ணுகிறான்! தலையின் இரு நுனியில் இருந்த கண்களில் ஒன்றால் சுறா அதிகாரியைப் பார்த்தது. மற்றதால் ஏலக்காரரைப் பார்த்தது.

மரம் உள்ளே வந்தது. கிளை தட்டி மின்விசிறி நின்றது.

"கடல்ல இன்னும் எத்தன பாக்கி?"

"இது ஒண்ணுதான் சார்."

"காட்டுல?"

"இதே ஒண்ணுதான்யா," என்றான் மாடக்கண்ணு.

அதிகாரி பேனாவை மூடினார். "ஒண்ணே ஒண்ணுன்னா அது இனம் இல்லம்மா, தனிநபர். தனிநபருக்குப் பாதுகாப்பு கெடையாது." ஏலக்காரரைக் கை காட்டி அழைத்தார். "ரெண்டையும் எடுத்துக்கிடுங்க."

"அப்ப என் துண்டு?" என்று கேட்டான் மாடக்கண்ணு. அவனைப் பார்த்தும் அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அதற்கு இப்போது நேரமில்லை.

"நீங்க எத்தன பேரு சார்?" என்று கேட்டாள்.

"இந்தப் பதவிக்கா? நான் ஒருத்தன்தான்," என்றார் அவர் பெருமையாக.

மரம் நகர்ந்து வாசலை அடைத்தது. ஏலக்காரர் வெளியே நின்று தட்டினார். மிக்கேலம்மாள் குனிந்து, சுறாவின் வாயைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.