பத்து மீட்டரும் இரண்டு பூவும்

தியாகராஜாவுக்கு ஒலிம்பிக் என்றால் உயிர். நான்கு வருடத்துக்கு ஒருமுறை பெற்றோல் ஷெட்டில் ஷிப்டை மாற்றிக்கொண்டு அகதியாக வந்து குடியேறிய பிளேஸ்டோ வீட்டுச் சோபாவில் குந்திவிடுவார். எந்த விளையாட்டு எவ்வளவு ஆபத்து என்பது அவருக்கு அத்துப்படி. மேசைப்பந்தில் சாவதற்குத் தனித் திறமை வேண்டும். மரதனில் கால் போகும், உயிர் போகாது. குதிரையோட்டம் குதிரையின் புத்தியைப் பொறுத்தது. எல்லாவற்றுக்கும் மேலே டைவிங். பத்து மீட்டர் உயரத்திலிருந்து தலைகீழாக விழுவதை விளையாட்டு என்று சொன்னவனை அவர் மன்னிக்கத் தயாரில்லை. போதாக்குறைக்கு, குதிப்பு எவ்வளவு கடினமோ அவ்வளவால் புள்ளியைப் பெருக்குகிறார்களாம்.

அந்த டைவிங்கைத்தான் அவருடைய ஒரே மகள் லலிதா பிடித்துக்கொண்டாள். நீந்தப் பழக்கவென்று பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனவர்கள் டைவிங் பலகையில் ஏற்றிவிட்டார்கள். எண்பத்தெட்டில் சோல் ஒலிம்பிக்கை இருவரும் பார்த்தபோது ஒரு வீரரின் தலை பலகையில் அடிபட்டது. தையல் போட்டுக்கொண்டு வந்து அவர் திரும்பவும் குதித்தார். தியாகராஜாவின் கண்ணில் அடிபட்டதுதான் நின்றது. பதினொரு வயது லலிதாவின் கண்ணில் திரும்பக் குதித்ததுதான் நின்றது.

தொண்ணூற்றிரண்டில், வெளிநாட்டில் நடக்கும் இளையோர் போட்டிக்கு அவளைத் தெரிந்தெடுத்துக் கடிதம் வந்தது. தகப்பனின் கையெழுத்து வேண்டும். ஊர்ச் சண்டையில் செல்லடிக்குள்ளிருந்து நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்த பிள்ளையை உயரத்திலிருந்து விழவிடக் கையெழுத்தா? ஆனால் மகளின் முகம் மலர்ந்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பூக்கட்டி அம்மனிடம் கேட்போம் என்றார். இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுக்க வேண்டும்; உள்ளே வெள்ளைப் பூ வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். லலிதா உடனே சம்மதித்தாள். அம்மனை நினைக்காமல் அவள் ஒருநாளும் குதித்ததில்லை.

பொட்டலம் கட்டியது தியாகராஜா. கடையில் வாங்கிய கார்னேஷன் பூ. இரண்டிலும் சிவப்பையே வைத்துக் கட்டினார். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோவிலில் லலிதா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள், பிரித்தாள். சிவப்பு. அடுத்த கிழமையே டைவிங்கை விட்டுவிட்டாள்.

அதன்பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையின் ஆசையைத் திருடிவிட்டோமே என்று மனம் அரித்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் போய் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டார். லலிதா கோவிலுக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். படிப்புக் கூடிவிட்டது என்று அவர் நினைத்தார். இங்கத்தைப் பிள்ளைகள் அப்படித்தான் என்றாள் மனைவி சிவனேஸ்வரி.

நான்கு வருடம் போய், அட்லாண்டா ஒலிம்பிக் வந்தது. யூனிவர்சிட்டி விடுமுறைக்கு வந்திருந்த லலிதா ஒரு வெள்ளிக்கிழமை காலை டைவிங் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு வீரர் முதுகு காட்டி, குதிகால் இரண்டும் மேடைக்கு வெளியே நிற்க, விரல் நுனியில் நின்றார். லலிதாவின் கால்விரல்களும் கம்பளத்தை இறுக்கிப் பிடிப்பதைத் தியாகராஜா கண்டார். அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. அழுதழுது எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"தெரியும் அப்பா" என்றாள் லலிதா. "மற்றப் பொட்டலத்தையும் அண்டைக்கே பிரிச்சுப் பாத்தனான்."

ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கேட்டார் தியாகராஜா.

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு இருந்தன். மேல நிக்கேக்க எனக்கும் பயம்தான். அம்மன் நிக்கிறா எண்டு நினைச்சுத்தான் குதிக்கிறனான். பிறகு அப்பிடி நினைக்க ஏலேல்லை." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பயமா இருக்கு, போகாதை எண்டு சொல்லியிருந்தா நிண்டிருப்பன் அப்பா. டைவிங் மட்டும்தான் போயிருக்கும். இப்ப கோயிலுக்குப் போனா எனக்கு உங்கட கைதான் தெரியுது."

சிவனேஸ்வரி சேலை மாற்றிக்கொண்டு வந்து, கோவிலுக்கு நேரமாகிறது என்றாள். அவளைத் தனியே போகச் சொன்னார் தியாகராஜா. எந்த முகத்தோடு அங்கே போய் நிற்பது?