உப்பு ஏற்றிய தேர்

சங்கிலிபூதத்தான் லாரி ஓட்டத் தொடங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் அவர் வண்டி ஒரு கோழிக்குஞ்சைக்கூட நசுக்கியதில்லை. இதற்காக ஊர் அவருக்கு மாலை போட்டிருக்க வேண்டும். ஊர் போட்டது பட்டப்பெயர்தான். தேர்! ஆறுமுகநேரி உப்பளத்துத் திருப்பத்தில் அவர் வண்டி அசைந்து அசைந்து தலை காட்டியதுமே, "தேரு வருதுலே, ஒதுங்கி நின்னு கும்பிட்டுக்கோ" என்று ஒருவன் குரல் கொடுப்பான். நெல்லையப்பர் தேராவது வருஷத்துக்கு ஒரு நாள்தான் ஊரை நிறுத்தி வைக்கும், இவர் தினமும் நிறுத்துகிறாரே என்பது அவர்கள் ஆதங்கம்.

அந்த மனிதருக்கும் ஒரு நல்ல காலம் வந்தது. தொண்ணூற்றேழாம் வருஷம் மார்கழிக் கடைசியில், சாலைப் பாதுகாப்பு வாரத்துக்காக லாரி உரிமையாளர்கள் பாளையங்கோட்டையில் ஒரு விழா வைத்தார்கள். விபத்தே செய்யாத டிரைவருக்கு ஒரு கேடயம். பட்டியலில் முதல் பெயர் சங்கிலிபூதத்தான்.

கேடயம் கிடக்கட்டும். முதலாளி அகமது மீரான் புதிதாக ஒரு லாரி எடுத்திருந்தார், அதன் சாவியையும் அதே மேடையில் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். சங்கிலிபூதத்தானுக்கு உயிர் அந்தச் சாவியில்தான் கிடந்தது. இருபத்திரண்டு வருஷமும் பிறர் ஓட்டி ஓய்ந்த வண்டிகளே அவர் தலையில் விழுந்திருக்கின்றன. சீட்டில் ஒட்டிய பாலித்தீன் உறையைக்கூடக் கிழிக்காத ஒரு வண்டியில் ஒரு முறையாவது உட்கார வேண்டும் என்று அவர் முருகனிடம் நேர்ந்துகொண்டிருந்தார்.

முதலாளி மட்டும் ஒரு கொக்கி போட்டிருந்தார். "பத்து மணிக்கு மேடையில நிக்கணும் வே. நிக்கலைன்னா சாவி ஜெய்சனுக்கு. என் வாக்குன்னா வாக்கு. அப்புறம், வாரது வாரீரு, ஒரு லோடு உப்பையும் ஏத்திட்டு வாரும்."

ஜெய்சன் அதே முதலாளியின் இன்னொரு டிரைவர். இருபத்தெட்டு வயது, சாத்தான்குளத்துப் பையன். திருச்செந்தூர் ரோட்டில் அவன் லாரி போனால் காற்று வந்து சொல்லும் என்பார்கள். அவனும் அன்று உப்பு லோடோடு விழாவுக்குக் கிளம்பினான்.

விடியற்காலை ஐந்தரைக்குச் சங்கிலிபூதத்தான் வண்டியை எடுத்தார். கிளீனர் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்ததால், பக்கத்து சீட்டில் அவர் மனைவி ஆறுமுகத்தாய் கூறைப்பட்டு உடுத்தி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்து உட்கார்ந்திருந்தாள். மடியில் இட்லிப் பொட்டலம், கையில் ஒரு சணல் கயிறு. கயிறு எதற்கென்றால், அந்தப் பழைய லாரியில் வைப்பர் மோட்டார் செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கயிற்றின் மறுமுனை ஜன்னல் வழியாகப் போய் வைப்பரில் கட்டியிருந்தது. இவள் இழுத்தால் வைப்பர் இந்தப் பக்கம் வரும். விட்டால், அந்தப் பக்கம் கட்டிய டியூப் ரப்பர் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

"ஏளா, இழு."

"பரிசு வாங்கப் போற சீமாட்டி வடம் பிடிச்சிட்டுப் போறா பாருங்க" என்று முனகிக்கொண்டே இழுத்தாள் ஆறுமுகத்தாய்.

குரும்பூர் வரை பாதகமில்லை. அதைத் தாண்டியதும் ஆற்றுப் பாசன வயல்களிலிருந்து பனி எழும்பி வந்து ரோட்டை மூடியது. அந்த வருஷத்துப் பனி சாமானியப் பனி இல்லை. இருபுறமும் நின்ற வாழைத் தோட்டங்களைக் காணோம், சாலையோரப் புளியமரங்களைக் காணோம், கொஞ்ச நேரத்தில் வண்டியின் மூக்கையே காணோம். சங்கிலிபூதத்தான் ஹெட்லைட்டைத் தாழ்த்தினார். பனியில் வெளிச்சத்தை உயர்த்தினால் அது சுவரில் பட்டது போல நம் கண்ணுக்கே திரும்பி வரும். ஜன்னல் கண்ணாடியை இறக்கிக் காதை வெளியே வைத்தார். ஒன்பது டன் உப்பு பின்னால் இருக்கிறது. பிரேக்கை மிதித்தால் லாரி நிற்க நினைக்கும், உப்பு நினைக்காது. கியரைக் குறைத்து, மாட்டுவண்டி வேகத்தில் உருட்டினார்.

அவர் காது பொய் சொல்லவில்லை. எதிரே "வேல் வேல்" என்று சத்தம் கேட்டது. திருச்செந்தூருக்கு நடந்து போகும் பச்சை வேட்டிக்காரர்கள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக முளைத்து வந்தார்கள். வண்டியை நிறுத்தி, கடைசிக் காவடி தாண்டும் வரை காத்திருந்தார்.

அப்போதுதான் ஒரு லாரி ஹாரன் அலற அவரைத் தாண்டியது. "அண்ணாச்சி, தேரு பைய வரட்டும்! நான் முன்னால போயிச் சாவியைத் தொடச்சு வைக்கேன்!" என்று கத்திவிட்டுப் போனான் ஜெய்சன்.

ஆறுமுகத்தாய் கயிற்றை விட்டுவிட்டாள். "மணி ஏழரை ஆகுது. இத்தனை வருஷமும் பைய ஓட்டுனீங்களே, நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா? இன்னைக்கு ஒரு நாள் மிதிங்க. நம்ம புது வண்டி கைய விட்டுப் போகுதேங்க!"

அவருக்கும் அந்தச் சாவி கண்ணில் நின்றது. கால் தானாகவே ஆக்ஸிலேட்டரில் அழுந்தியது. வண்டி ஒரு உறுமல் உறுமியது. முன்னால் என்ன இருக்கிறது என்று அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாத இடத்துக்குள் ஒன்பது டன்னை எப்படி அனுப்புவது? காலைத் தூக்கிவிட்டார்.

"ஏளா, இழு" என்றார். அவள் கயிற்றை எடுத்து இழுத்தாள்.

ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில் ரோட்டோரம் இரண்டு சிவப்பு விளக்குகள் மினுங்கின. ஜெய்சன் வண்டி. பாதை தெரியாமல் ஒதுக்கிப் போட்டிருந்தான். சங்கிலிபூதத்தான் ஒரு ஹாரன் கொடுத்துவிட்டுக் கடந்ததும், அவனும் வண்டியை எடுத்து அவருடைய பின்விளக்கைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் ஒரு வாழைத்தார் லாரி. அதற்குப் பின்னால் நாசரேத்துப் பக்கமிருந்து வந்த ஒரு அம்பாசிடர் கார். பிறகு வேன், பஸ், இன்னும் ஏழெட்டு லாரி. முன்னால் போகிறவன் விழுந்தால் நமக்குத் தெரிந்துவிடும் என்பது பனிக்காலத்து வண்டிக்காரர்களின் வேதாந்தம். கருங்குளத்தில் ஆறுமுகத்தாய் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "யாத்தே, பின்னால ஒரு ஊரே வருதுங்க" என்றாள்.

செய்துங்கநல்லூர் தாண்டியபோது மணி ஒன்பதேகால். பனி லேசாக வெளுத்தது. இனி விட்டால் பத்துக்குள் பிடித்துவிடலாம். சங்கிலிபூதத்தான் கியரை மாற்றப் போனவர், மாற்றவில்லை. டயருக்கு அடியில் ரோட்டின் சத்தம் மாறியிருந்தது. சரசர என்றது. வண்டியைப் பைய நிறுத்தி, எஞ்சினை அணைத்து இறங்கினார்.

காணம். மற்ற ஊர்க்காரர்கள் கொள்ளு என்பார்கள். மானாவாரிக்காரர்கள் அதைச் செடியோடு பறித்து வந்து ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் மிதித்துக் கொடுத்துவிடும், கூலி மிச்சம். ஈரக் காணம் டயரை வழுக்கிவிடும் என்பது ஒரு பக்கம். சங்கிலிபூதத்தான் பயந்தது வேறொன்றுக்கு.

பின்னாலிருந்து ஹாரன்கள் ஊரைக் கூட்டின. அம்பாசிடரிலிருந்து வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். "யோவ், என்ன நடுரோட்டுல நிறுத்திட்டு வேடிக்கை பாக்கீரு? நான் வேதநாயகம், வண்டி ஆய்வாளரா இருந்து ரிட்டையர் ஆனவன். பத்து மணிக்குப் பாளையங்கோட்டையில நான்தான் பரிசு கொடுக்கணும். ஒழுங்கா ஓட்டுத டிரைவருக்கு!"

ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆறுமுகத்தாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயைத் திறந்தவளைக் கணவர் கையமர்த்தினார்.

"ஐயா, ஒரு நிமிசம் பொறுங்க."

ஜெய்சனும் ஓடி வந்தான். "அண்ணாச்சி, காணம்தானே! ஏத்திட்டுப் போவும். நீரு நகரலைன்னா நான் முன்னால போறேன்."

சங்கிலிபூதத்தான் காணம் குவியலாகக் கிடந்த இடத்தருகே போய்க் குனிந்து, "ஏ ஆத்தா! யாரும் படுத்திருக்கீங்களா?" என்றார்.

குவியல் அசைந்தது. செடிக்குள்ளிருந்து முதலில் ஒரு கால் வந்தது, பிறகு சாக்கு போர்த்திய ஒரு முழு மனுஷி வந்தாள். பக்கத்தில் எண்ணெய் தீர்ந்து அணைந்துபோன அரிக்கேன் விளக்கு. ஜெய்சன் இரண்டடி பின்னால் நகர்ந்து, தன் லாரியின் பம்பரைப் பிடித்துக்கொண்டான். வேதநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பாத்து என்பது அந்த மனுஷியின் பெயர். எழுந்த வேகத்தில் சண்டைக்கு வந்தாள். "ஏன் வாப்பா எழுப்புதீரு? காவல் காத்துட்டு இப்பதான் கண்ணசந்தேன்."

"இங்கனயா படுக்கது? வண்டி ஏறியிருந்தா?"

"எங்கே ஏறுது? ராவெல்லாம் ஒரு வண்டியைக் காணோம், காணம் அப்படியே கிடக்கு" என்றாள். பிறகுதான் பனிக்குள் வரிசையாக நின்ற விளக்குகளைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "யா அல்லா! இத்தனை வண்டியா? வாப்பா, இருங்க, நல்லாப் பரத்தி விடுதேன். மேலதான் ஈரம், அடியில காஞ்சுதான் கிடக்கு. ஒண்ணொண்ணா ஏறிப் போங்க."

இப்படியாகத்தான், ஓய்வுபெற்ற வண்டி ஆய்வாளர் வேதநாயகம் வெள்ளைச் சட்டையோடு ஓரத்தில் நின்று கையசைக்க, ஜெய்சன் குனிந்து குனிந்து செடியைத் தள்ளிவிட, பதினான்கு வண்டிகள் நடை வேகத்தில் பாத்துவின் காணத்தை அடித்துக் கொடுத்தன. முதலில் ஏறியது சங்கிலிபூதத்தானின் உப்பு லாரி. வேலை முடிந்ததும் வேதநாயகம் தன் டிரைவரிடம், "அந்த லாரிக்குப் பின்னாலேயே வாரும். முந்தப்படாது" என்றார்.

பாளையங்கோட்டை மண்டபத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று இருபது. பரிசு கொடுக்கிறவரும் வரவில்லை, வாங்குகிறவரும் வரவில்லை, கூட்டம் பலகாரத்தை முடித்துவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. வாசலில் சாவியோடு நின்ற அகமது மீரான், பதினான்கு வண்டி ஊர்வலம் திரும்புவதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"பத்து மணின்னேன் வே! ஊருக்கு முன்னால சொன்ன வாக்கு. நான் என்ன செய்யட்டும்?" அவருக்கே வருத்தம்தான். ஆனாலும் சாவியை ஜெய்சன் பக்கம் நீட்டினார்.

சங்கிலிபூதத்தான் தலையைக் குனிந்துகொண்டார். பரவாயில்லை என்று சொல்ல நினைத்தார், சொன்னால் அது பொய்.

ஜெய்சன் சாவியை வாங்கினான். உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிஷம் பார்த்தான். அவனுக்கும் ஆசை இல்லாமலா? பிறகு அதைச் சங்கிலிபூதத்தானின் சட்டைப்பையில் போட்டான்.

"ஏம்லே, உனக்கு வேண்டாமா?" என்றார் முதலாளி.

"எனக்கு முன்னால போற வண்டியில பின்லைட் நல்லா எரிஞ்சாப் போதும், முதலாளி."

கேடயம், கைதட்டல், வேதநாயகத்தின் நீண்ட பேச்சு எல்லாம் முறைப்படி நடந்தன. எதுவும் சங்கிலிபூதத்தான் காதில் ஏறவில்லை. விழா முடிந்ததும் நேராகப் புது வண்டிக்குப் போய், பாலித்தீன் உறை சரசரக்க உட்கார்ந்து, முதலில் வைப்பர் சுவிட்சைத்தான் தட்டினார். அது தானாக அந்தப் பக்கம் போனது, தானாக இந்தப் பக்கம் வந்தது. அவர் கண் நிறைந்துவிட்டது.

பக்கத்தில் ஏறி உட்கார்ந்த ஆறுமுகத்தாய், பழைய லாரியின் வைப்பரிலிருந்து கழற்றி வந்து மணிக்கட்டில் சுற்றியிருந்த சணல் கயிற்றை அவிழ்த்தாள். சிவந்துபோன கையை ஒரு முறை ஊதிக்கொண்டு, கயிற்றை அவர் மடியில் போட்டாள்.

"இனிமே உங்க தேரை நீங்களே இழுங்க" என்றாள்.