பூத்த கொல்லையில் டிராக்டர்

நாராயணப்பனுக்குப் பிடிவாதம் ஆகாது, மனைவி பிடித்தால். தானே பிடித்தால் அதற்குப் பெயர் கொள்கை.

ராகி விதைப்பதற்குள் கோரைக் களை அடங்கட்டும் என்று, ஓசூர் விதைக்கடைக்காரர் பேச்சைக் கேட்டு நாகரசம்பட்டிக் கொல்லையில் பக்வீட் என்ற வெளிநாட்டுத் தானியத்தை விதைத்திருந்தார். ஒரே மாதத்தில் கொல்லை முழுக்க வெள்ளைப் பூ. தேனீ இரைச்சலில் போன் பேச முடியவில்லை. பூவிலேயே மடக்கி உழுதால் நிலத்துக்கு உரம். விட்டுவைத்தால் தானியம் கிடைக்கும், ஆனால் ராகி தள்ளிப்போகும். மழை பெய்து ஈரமும் பதமாக இருக்கவே, முனிவேலின் டிராக்டரை வரச் சொல்லிவிட்டார்.

டிராக்டர் வந்து நின்றது. அதன் முன்னால் மனைவி வெங்கடம்மாளும் வந்து நின்றாள்.

"பூத்த பயிர்ல ஏர் எறக்கக் கூடாதுங்க. சூலியா நிக்கறா."

"போன வருசம் சணப்பையப் பூவோடதான மடக்கி உழுதோம்? அப்ப எங்க போனா உன் சூலி?"

"சணப்பை தழைக்கு வெதச்சது. இது திங்கற தானியம். வூட்ல ஒருத்தி மாசமா இருக்கறப்ப வேணாங்க."

அதுதான் விஷயம். மகள் ரஞ்சிதா கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து இப்போதுதான் உண்டாகியிருந்தாள். வெங்கடம்மாளுக்கு எதைக் கண்டாலும் பயம். நாராயணப்பனுக்கோ சிரிப்பு.

"செடிக்கும் புள்ளைக்கும் என்னாடி சம்பந்தம்?" என்று முனிவேலைப் பார்த்துக் கண்ணடித்தார்.

போச்சம்பள்ளி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய ரஞ்சிதா, டிராக்டரைப் பார்த்துவிட்டு நேரே கொல்லைக்கு வந்தாள். சங்கதியைக் கேட்டதும் அவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏழு வருசமா என் வயித்தையே பாத்துட்டு இருந்த. இப்பக் கொல்லையையுமாம்மா? நவுரு, அப்பா உழட்டும். எனக்கு ஒண்ணும் ஆவாது."

மகளே சொன்னபின் என்ன செய்வது? வெங்கடம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வரப்பில் ஏறினாள். நாராயணப்பன் ஜெயித்துவிட்டார்.

"எறக்கட்டுமாண்ணா?" என்றான் முனிவேல்.

ரஞ்சிதா பூவோரம் நின்று டிபன் பையை வீசித் தேனீயை விரட்டிக்கொண்டிருந்தாள். இன்னொரு கை தன்பாட்டுக்கு வயிற்றின்மேல் இருந்தது. 'எறக்கு' என்று ஒரு சொல்தான். நாராயணப்பனால் அதைச் சொல்ல முடியவில்லை. மனிதருக்குப் பயமாக இருந்தது.

"ஈரம் ஜாஸ்தியா இருக்குது. சக்கரம் பொதையும்," என்றார். "முத்தட்டும், அறுத்துக்கலாம்."

முனிவேல் இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்தான். பொலபொலவென்று உதிர்ந்தது. கையைத் தட்டிவிட்டு ஏறி டிராக்டரைத் திருப்பினான்.

"அப்ப ராகிக்கு?" என்றாள் வெங்கடம்மாள் மெதுவாக.

"அது காத்துக்கிட்டு இருக்கும் வுடு. ஏழு வருசம் நாம இருக்கலியா?"