அழுத்தாத பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்த அம்மாளை ஊரில் எல்லாரும் பிரேக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆபத்துக்கென்று வைத்தது. பிரேக்கக்காவுக்கு எல்லாமே ஆபத்துதான். தெருமுனையில் ஒரு சைக்கிள்காரர் இருமினால்கூட அழுத்திவிடுவாள். அவளிடம் பழகியவர்கள் யாரும் விபத்தில் சிக்கியதில்லை. முதல் தடவையில் லைசென்ஸ் வாங்கியதும் இல்லை. பரீட்சையன்று வண்டி தானாக நிற்கும் என்று நம்பி, சிவப்பு விளக்கைத் தாண்டி நிம்மதியாகப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

அப்படிப்பட்டவளிடம் ஒருநாள் சபைப் போதகரே கார் பழக வந்து சேர்ந்தார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பக்கத்துச் சபையையும் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். அதுவரை வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மனைவி, "நான் உங்களைக் கட்டிக்கிட்டேனே தவிர, உங்க டிரைவரா வரலை" என்று சாவியை மேசைமேல் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்ப்படிதலைப் பற்றி அவர் பிரசங்கம் செய்தால் கேட்பவர்கள் உருகிவிடுவார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டாலோ ஒரு பேச்சும் கேட்கமாட்டார். இடதுபக்கம் திருப்புங்கள் என்றால், ஏன் என்பார். காரணம் சொல்லி முடிப்பதற்குள் திருப்பம் பின்னால் போயிருக்கும்.

பிரேக்கக்காவுக்கும் அவரிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது. அவள் கணவர் தையல்காரர். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். பகலெல்லாம் மிஷின் மிதித்த கால், ஞாயிறு ஆனால் ஆலயத்து ஆர்கனை மிதிக்கும். கல்யாணமான நாள் முதல் அவள் பார்த்துவந்த காட்சி அது. புதிதாக வந்த சபைச் செயலாளர், இளைஞர்களுக்கு இடம் கொடுக்கவேண்டும் என்று கூட்டத்தில் ஒரு பேச்சுப் பேசி, மாஸ்டரை இறக்கிவிட்டுத் தன் மருமகனை அங்கே உட்காரவைத்தார். மருமகன் வாசித்தால் கல்யாணப் பாட்டும் சாவு வீட்டு அடக்க ஆராதனைபோல இழுக்கும். சமீபத்தில் ஒரு மணப்பெண் வாசலிலிருந்து பீடத்துக்கு நடந்து வருவதற்குள் மாப்பிள்ளைக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

மாஸ்டர் வருத்தப்பட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "நான் வாசிச்சது போதும்னு கர்த்தர் நினைச்சிருப்பார்" என்றார்.

"கர்த்தர் எங்க நினைச்சார்? செயலாளர் நினைச்சார்!" என்று பொருமினாள் பிரேக்கக்கா. அன்றிலிருந்து தினமும் ஜெபத்தில், "அந்த மனுஷனை நீரே பார்த்துக்கொள்ளும், ஆண்டவரே" என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டாள். ஆண்டவர் பார்த்துக்கொண்ட லட்சணம் என்னவென்றால், செயலாளர் வெள்ளை வெளேரென்று ஒரு புதுக் கார் வாங்கினார்.

அந்த வயிற்றெரிச்சலில்தான் ஒருநாள் காரில் வாயைத் திறந்தாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். ஏதேன் தோட்டத்துல ஆண்டவர் அந்த மரத்தை எதுக்கு நட்டார்? தின்னக்கூடாதுன்னா நடாமலே இருந்திருக்கலாம்ல?"

போதகருக்கு முகம் மலர்ந்துவிட்டது. சாலையை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "வேற வழியே இல்லாம கீழ்ப்படிஞ்சா அது கீழ்ப்படிதலாம்மா? மாட்டேன்னு சொல்றதுக்கு வழி இருக்கணும். அப்பதான் சரின்னு சொல்றதுக்கு மதிப்பு."

"முன்னாடி பாருங்க ஐயா, குப்பை வண்டி! சரி, மரம் இருக்கட்டும். அந்தம்மா பழத்துக்குக் கையை நீட்டறப்போ பக்கத்துல இருந்து ஒரு பிரேக் போட்டிருக்கலாமே, என்னை மாதிரி?" என்றபடியே அழுத்தினாள். வண்டி குலுங்கி நின்றது.

போதகர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "நீங்க போட்டுப் போட்டுத்தாம்மா எனக்கு இன்னும் ஓட்டவே வரல."

அவளுக்குச் சுருக்கென்றது. "அப்போ ஒருத்தன் அநியாயம் பண்ணா, பண்ணட்டும்னு விட்டுடுவாரா?"

"விடறது வேற, கண்டுக்காம இருக்கறது வேற. கணக்கு கேக்காம இருக்கமாட்டார். எப்பன்னுதான் நமக்குத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே போதகர் வண்டியை ஆலய வளாகத்துக்குள் திருப்பினார்.

திருப்பியது என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் திருப்பியவர் ஸ்டியரிங்கை நேராக்க மறந்துவிட்டார். வண்டி வளைந்துகொண்டே போயிற்று. எதிரே, மரநிழலில், செயலாளரின் வெள்ளைக் கார் பளபளவென்று நின்றிருந்தது.

பிரேக்கக்கா பார்த்தாள். அவள் கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. அழுத்த நேரமும் இருந்தது. கோழி குறுக்கே வந்தால் துள்ளிக்கொண்டு இறங்கும் அந்தக் கால், அன்றைக்கு, யோசித்தது. யோசித்து, அப்படியே இருந்துவிட்டது.

'டமார்' என்ற சத்தத்தில் பாட்டுப் பயிற்சிக்கு வந்திருந்த பெண்களெல்லாம் வெளியே ஓடிவந்தார்கள். வெள்ளைக் காரின் முன்விளக்கு ஒன்று நொறுங்கி, மூக்கு உள்ளே போயிருந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்று தெரிந்ததும் ஒரு பெண், "நியாயத்தீர்ப்பு!" என்று முணுமுணுத்தாள். அடுத்தவள் அதையே கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

சத்தம் போட்டுக்கொண்டு வந்த செயலாளரின் காதில் அந்த வார்த்தை விழுந்தது. நின்றுவிட்டார். கையைப் பிசைந்துகொண்டு, காரில் வந்த இரண்டு பேரையும் உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"ஐயா, மறைக்காம சொல்லுங்க" என்றார். குரல் அடங்கியிருந்தது. "தேவமனுஷன் நீங்க. வளாகம் முழுக்க இடம் கிடக்கு, என் வண்டி மேலதான் வந்து இடிச்சீங்க. கூட இருந்தது மாஸ்டர் சம்சாரம். இது ஆண்டவர் எனக்குக் குடுக்கற எச்சரிக்கைதானே? மாஸ்டரை எடுத்ததுக்குத்தானே?"

போதகர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், வரும் ஞாயிற்றுக்கிழமையே மாஸ்டர் ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருப்பார். சபைக்கும் விமோசனம். அவர் தொண்டையில் அந்தச் சொல் ஏறி இறங்குவது வெளியே தெரிந்தது.

பிரேக்கக்காவும் அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தாள். ஆனால் செயலாளரின் நெற்றியில் வேர்த்திருந்தது. பயந்துபோன ஒரு மனிதரின் முன்னால், தன் கால் செய்ததைக் கடவுள் தலையில் போட்டுவிட்டு நிற்கிறோமே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

"ஆண்டவர் இல்லீங்க" என்றாள். "நான்தான். பிரேக் என் காலடியிலதான் இருந்துச்சு. வேணும்னேதான் அழுத்தல."

பிறகு போதகர் தொண்டையைக் கனைத்தார்.

"என் காலடியிலயும் ஒண்ணு இருந்துச்சு" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "அது எங்க இருக்குன்னு எனக்கு நல்லாவே தெரியும். உங்க காரைப் பார்த்ததும் எனக்கு... கொஞ்சம் சந்தோஷமா இருந்துச்சு."

செயலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். போன உயிர் அவருக்குத் திரும்பிவந்தது. "அப்போ ஆண்டவருக்கு என்மேல கோபம் ஒண்ணும் இல்லை?"

"அது எனக்குத் தெரியாது. இடிச்சது நாங்க" என்றார் போதகர்.

"அவ்வளவுதானே!" என்று செயலாளர் நிமிர்ந்து நின்றார். அடுத்த நொடியே குரலும் பழைய உயரத்துக்கு ஏறிவிட்டது. கார் பட்டறையிலிருந்து வரும்வரை தன்னைப் போகவேண்டிய இடத்துக்கெல்லாம் பிரேக்கக்காதான் கொண்டுபோய்விட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். மாஸ்டர் பேச்சையே எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது மாஸ்டர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். சிரித்த சிரிப்பில் நூல் தவறிவிட்டது. "நல்லவேளை சொல்லிட்டே. பயந்துபோய் அவர் கூப்பிட்டிருந்தா நான் போயிருக்கவே மாட்டேன்" என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்காகவா அழுத்தாம விட்டே?" என்று கேட்டார். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து கூத்து ஆரம்பித்தது. போதகரின் பயிற்சியை நிறுத்த முடியாது. செயலாளரையும் கொண்டுபோய்விட வேண்டும். ஆகவே போதகர் ஓட்ட, பிரேக்கக்கா பக்கத்தில் இருக்க, செயலாளர் பின்சீட்டில் கதவுப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பயணம் செய்தார். திருப்பத்துக்குத் திருப்பம் அவர் உதடு அசைந்தது.

"சபையில இவ்வளவு உருக்கமா நீங்க ஜெபம் பண்ணி நான் பார்த்ததே இல்லை" என்றார் போதகர், கண்ணாடியில் பார்த்து.

"ரோட்டைப் பாருங்க ஐயா!" என்று பின்னாலிருந்து அலறல் வந்தது. "அம்மா, பிரேக்! பிரேக் போடும்மா!"

பிரேக்கக்கா காலை எடுத்து மடக்கி வைத்துக்கொண்டாள். அவளுக்கும் நெஞ்சு திக்திக்கென்றுதான் அடித்துக்கொண்டது. போதகர் தானாகவே பிரேக் போட்டார். கொஞ்சம் முன்னதாகவே போட்டுவிட்டார், ஆனாலும் போட்டார்.

அந்த வாரக் கடைசியில், பிரேக்கக்காவும் இருந்த நேரத்தில், தையல் கடைக்கு ஒருவர் வந்தார். சட்டை அளவு கொடுக்க என்று சொல்லிக்கொண்டு நுழைந்த அவர், செயலாளரின் மருமகன். அளவெடுக்க மாஸ்டர் தோளில் கை வைத்ததுமே பொலபொலவென்று கொட்டிவிட்டார்.

"அக்கா, உண்மையை ஒரு வாரம் கழிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா? மாமா பயந்துபோய் என்னை விட்டிருப்பார். சனிக்கிழமை வந்தாலே எனக்குத் தூக்கம் போயிடுது. நான் படிச்சது ரெண்டே ரெண்டு பாட்டு. மத்ததெல்லாம் குத்துமதிப்பா வாசிக்கிறேன்."

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லவேண்டியதுதானே, தம்பி?" என்றார் மாஸ்டர்.

"எப்படிச் சொல்றது? பெரியவங்களுக்குக் கீழ்ப்படியணும்னு ஐயா வாராவாரம் பிரசங்கம் பண்றாரே!"

பயிற்சிக்கு வந்து வாசலில் நின்றிருந்த போதகருக்கு இருமல் வந்துவிட்டது. "தம்பி, நான் சொன்னதை நீங்க பாதிதான் கேட்டிருக்கீங்க" என்று தொடங்கினார்.

"தம்பி பாட்டு முடியறதுக்குள்ள பாதி சபை தூங்கிடுது ஐயா, அப்புறம் எங்க முழுசாக் கேக்கறது?" என்றாள் பிரேக்கக்கா. மருமகனே சிரித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டின் முதல் அடி முடிந்ததும் ஆர்கன் நின்றுவிட்டது. மருமகன் எழுந்து நின்றார். "மன்னிக்கணும். எனக்கு வாசிக்க வராது. இனிமே வாசிக்கவும் மாட்டேன்" என்றார். பின்வரிசையிலிருந்து யாரோ வாய்விட்டு "அல்லேலூயா" என்றார்கள்.

செயலாளரின் முகம் சிவந்து, வெளுத்து, ஒரு நிலைக்கு வந்தது. மருமகனைப் பார்த்து விரலை ஆட்டினார். மருமகன் போய் மனைவி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஆர்கன் சும்மா கிடந்தது. போதகர் பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. கடைசியில் செயலாளரே நடந்து வந்து மாஸ்டரின் வரிசையருகே குனிந்தார்.

"மாஸ்டர், கொஞ்சம் வாசிங்க."

"கேக்கறீங்களா, சொல்றீங்களா?" என்றார் மாஸ்டர் மெதுவாக.

செயலாளர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். "கேக்கறேன். நான் அன்னைக்குப் பண்ணது தப்பு."

மாஸ்டர் எழுந்து போனார். இத்தனை நாள் இடைவெளியில் கை கொஞ்சம் மறந்திருந்தது. அவசரத்தில் வேறு பாட்டை எடுத்துவிட்டார், அதையும் எட்டாத சுதியில். சபையில் பாதிப்பேர் பலகையில் எண் எழுதியிருந்த பாட்டையும் மீதிப்பேர் ஆர்கன் வாசித்த பாட்டையும் பாட, பிரேக்கக்கா எந்தப் பாட்டு என்றுகூடக் கவனிக்காமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தாள்.