கன்னத்துச் சுவிட்ச்

கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தவரைப் பக்கவாதம் படுக்கையில் தள்ளியபோது மிஞ்சியது இரண்டு கண்களும் வலது கன்னத்தில் ஒரு துடிப்பும்தான். அந்தத் துடிப்பே போதும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு சுவிட்சைக் கன்னத்தில் ஒட்டிக் கம்ப்யூட்டரோடு இணைத்துக் கொடுத்தார்கள். திரையில் எழுத்துகள் வரிசையாக ஒளிரும். வேண்டிய எழுத்து வந்ததும் கன்னத்தை அசைப்பார். சொல் முடிந்ததும் ஓர் இயந்திரக் குரல் அதை வாசிக்கும்.

அவர் மனைவியிடம் முதலில் எழுத்துக்கூட்டிச் சொன்னது, "முண்டம், ஜன்னலைச் சாத்து."

கல்யாணமான நாளிலிருந்து மனைவியை எடுத்தெறிந்தே பேசிய மனிதர். இப்போது ஒரு வசவைக் கோத்து முடிக்கவே வியர்த்துவிடும், ஆனாலும் விடமாட்டார். அவள் அடுப்படியில் நிற்கும்போது அந்தத் தட்டையான குரல் முதுகில் வந்து விழும். கோபமே இல்லாமல் கேட்கும் வசவு முன்னைவிட அதிகமாகச் சுட்டது.

வெளியூரில் இருந்த மகளோடு அதே கம்ப்யூட்டரில் வீடியோவில் பேசும் வசதி ஒருநாள் நின்றுபோனது. சிஸ்டம் பழசாகிவிட்டதாம். புதுசு போட மகள் ஒரு சர்வீஸ்காரரை அனுப்பினாள். அவர் கட்டிலருகே உட்கார்ந்து சுவிட்சைக் கழற்றி வைத்துவிட்டு, எதெது ஒத்துவரும் என்று சோதித்தார். முகம் சுருங்கியது.

"அக்கா, மத்ததெல்லாம் ஓடும். இந்தச் சுவிட்சும் பேசுற புரோகிராமும் மட்டும் புதுசுல வேலை செய்யாது. செஞ்ச கம்பெனியையே மூடிட்டாங்க. பழசையே வெச்சுக்கலாமா?"

கட்டிலில் இரண்டு கண்களும் அவளையே பார்த்தன. கன்னம் வெறும் காற்றில் துடித்தது.

"புதுசையே போட்டுடுங்க," என்றாள்.

"சாரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே?"

"நேத்தே கேட்டேன். எது போனாலும் பரவால்லன்னுட்டார்."

பழசை அழிக்காமல் எடுத்து வைக்கட்டுமா என்றும் சர்வீஸ்காரர் கேட்டார். வேண்டாம் என்றாள்.

வீடு அமைதியானது. மகளின் முகம் திரையில் பளிச்சென்று வந்தது. சுவிட்ச் புதுசில் வேலை செய்யவில்லை, அப்பாவால் இனிப் பேச முடியாது என்றதும் அழுதாள். ஆமாம் என்றால் ஒருமுறை, இல்லை என்றால் இருமுறை கண்ணை மூடச் சொல்லுங்கம்மா என்று வழி சொன்னாள். அம்மா தலையாட்டினாள். மகள் பார்க்கும்போது மட்டும் சாப்பாடு பிடித்ததா, தூக்கம் வந்ததா என்று கேட்பாள். திரை அணைந்ததும் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப்போட்டு, இத்தனை வருஷம் விழுங்கியதையெல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் கொட்டுவாள். அவருக்குக் காதைப் பொத்திக்கொள்ளக் கையில்லை. அவளுக்கு அது இனித்தது.

சில நாட்களில் அவர் கண்ணிலிருந்து நீர் ஒழுகத் தொடங்கியது. அழட்டும் என்று விட்டாள். ஊட்டிய கஞ்சியை விழுங்காமல் வாயோரம் வழியவிட்டார். வீம்பு என்று நினைத்தாள். காய்ச்சல் அனலாய் அடித்த பிறகுதான் டாக்டரை அழைத்தாள்.

டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். நாற்றத்தில் அவளே பின்வாங்கினாள். கடைவாய்ப் பல் அழுகி, சீழ் தாடை வரை இறங்கியிருந்தது.

"இது இன்னைக்கு நேத்து வந்ததில்லம்மா. துடிச்சுப் போயிருப்பாரே. நீங்க கேக்கலையா?"

"அவர் ஒண்ணும் சொல்லலையே," என்றாள்.

பல்லையும் தாடை எலும்பில் கொஞ்சத்தையும் எடுத்து உயிரோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். மகள் ஒரு நர்ஸை ஏற்பாடு செய்தாள். நர்ஸ் எழுத்துப் பலகையை அவர் முகத்துக்கு எதிரே பிடித்து ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக்கொண்டு வருவாள். அவர் கண்ணை மூடும் இடத்தில் நின்று உரக்கச் சொல்வாள். முதல் நாள் வெகுநேரம் அது நடந்தது. மனைவி கையிலிருந்த தண்ணீர் டம்ளரோடு அறை வாசலிலேயே நின்று கேட்டாள்.

நர்ஸ் பலகையைத் தாழ்த்திவிட்டுச் சங்கடத்தோடு திரும்பினாள்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. நீங்க இந்த ரூமுக்குள்ள வரக்கூடாதுன்னு சொல்றாரு."

அவள் தண்ணீரை நர்ஸின் கையில் கொடுத்தாள். நர்ஸ் கதவை உட்பக்கமாகச் சாத்தினாள்.