நூலின் மேல் போட்ட பழி

பிள்ளையார்பாளையத்தில் முனிரத்தினம் நெய்த புடவையில் மறுபடியும் கோடு விழுந்திருந்தது. தறியில் அறுந்துபோகும் இழைகளை முடிந்து கொடுப்பது அவன் மனைவி நதியாவின் வேலை. போன முறை அவன் கத்தியபோது, "நூலு சரியில்லீங்க" என்று அவள் சொல்லிவிட்டாள். அதை நம்பி, நூல் கொடுக்கும் பிரேம்நாத்தின் வீட்டு வாசலில் போய் நின்று, தெருவே வேடிக்கை பார்க்கச் சண்டை போட்டுவிட்டு வந்தான்.

இன்றும் சட்டையை மாட்டிக்கொண்டான். "இன்னிக்கி அவன உண்டு இல்லன்னு ஆக்கிட்டு வரேன்!"

நதியாவுக்கு அயர்ச்சியாக இருந்தது. இன்னொரு பொய்யை யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"போவாதீங்க. நூலு மேல தப்பில்ல. நான்தான் இழய மாத்தி முடிஞ்சிட்டேன். எனக்கு வலது கண்ணு மங்கலா இருக்குது."

"எப்பலேர்ந்து?"

"பொங்கலுக்கு முன்னாலேர்ந்து."

"அதச் சொல்றதுக்கு இன்னாடி உனக்கு?" என்று அவன் வீடே அதிரக் கத்தினான்.

"சொன்னா கத்துவீங்க. இப்பவும் கத்திக்கினுதானே இருக்கீங்க?"

அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. அவன் மாட்டிய சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான்.

மறுநாள் காலை கண் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகிற வழியில், பிரேம்நாத் வீட்டின் முன் வண்டியை நிறுத்தினான்.

"உன் மேல தப்பில்லப்பா. நான்தான் ஆத்திரத்துல பேசிட்டேன்" என்றான். பொய் சொன்னது யார் என்று அவன் சொல்லவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த நதியா இறங்கி வந்து, அதைத் தானே சொன்னாள்.