சோதனை வாசல்

மெட்ரிகுலேஷனில் பள்ளிக்கே முதலாவதாகத் தேறிய ஞானாதிக்கத்துக்குப் பெங்களூர்க் காலேஜில் இடம் கிடைத்தது. பீஸ் கட்டத்தான் வக்கில்லை. பணம் சேர்க்க மாரிகுப்பம் தங்கச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தான். வீட்டில் ஆபீஸ் உத்தியோகம் என்று சொல்லியிருந்தான். உண்மையில், ஷிப்டு முடிந்து மேலே வருகிறவர்கள் தங்கம் ஒளித்திருக்கிறார்களா என்று முடி, கோவணம், வாய் எல்லாம் துழாவிப் பார்க்கும் வேலை.

அதே சுரங்கத்தில் பாறை வெட்டும் அப்பா வேறு வாசலில் மேலே வருகிறவர்; ஒருநாள் அவருடைய ஷிப்டை அவன் நின்ற சோதனை வாசல் வழியாகத் திருப்பிவிட்டார்கள். வரிசையில் அவர் எதிரே வந்து நின்றதும் ஞானாதிக்கத்துக்குக் கை எழவில்லை.

"போங்க" என்றான், தலை குனிந்து.

அப்பா நகரவில்லை. ஓரமாக நின்ற வெள்ளைக்காரத் துரையை ஒருமுறை பார்த்தார். தானே முடியை அவிழ்த்து உதறினார், கோவணத்தைத் தளர்த்தினார்.

"நல்லாப் பாரு நைனா, தொர பாக்கறான். வேல பூட்டா காலேஜிக்கு இன்னா பண்ணுவ?" என்று சொல்லி வாயைத் திறந்தார்.

ஞானாதிக்கம் விரலை உள்ளே விட்டுத் தேடினான்.